பக்ரீத்துக்கு ஆடு விற்கலாமா?

பர்கூர் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "நாங்கள் கிறிஸ்தவர்கள். பக்ரீத்தை நம்பி நான்கு வெள்ளாட்டுக் கிடா வளர்த்திருக்கிறோம். இயேசுவே பலியான பிறகு இன்னொரு பலிக்கு ஆடு கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரு கிடா பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. அதைச் சொல்லாமல் குந்தாரப்பள்ளிச் சந்தையில் விற்றால் தவறா?"

பதில்: இந்தக் கதை இரு வீட்டாருக்கும் பொதுவானது. ஆதியாகமம் 22-ம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிகிறார். புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா மகனுக்குப் பதிலாகிறது. குர்ஆனின் 37-ம் அத்தியாயத்திலும் இப்ராஹிம் நபிக்கு அதே சோதனை. மகன் பெயர் அங்கே சொல்லப்படவில்லை; அவர் இஸ்மாயில் என்பதே முஸ்லிம்களில் பெரும்பாலோர் நம்பிக்கை.

வேறுபாடும் உண்டு. கிறிஸ்தவருக்குச் சிலுவைப் பலியே முழுமையானது, கடைசியானது. முஸ்லிம்களுக்குக் குர்பானி, இப்ராஹிமின் கீழ்ப்படிதலை நினைத்துச் செய்யும் வணக்கம். இறைச்சியும் ரத்தமும் இறைவனை எட்டுவதில்லை, இறையச்சமே எட்டுகிறது என்பது குர்ஆன் 22-ம் அத்தியாயத்தின் கருத்து. பலியைவிட இரக்கமும் நியாயமுமே பெரிது என்று ஓசியாவும் மீகாவும் சொன்னதைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆட்டை விற்பதாலேயே அந்த வழிபாட்டில் பங்கெடுத்ததாகாது. அப்படியும் மனம் உறுத்தினால் வேறு நாளில் விற்கலாம்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. குர்பானிக்கான வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். கண் குருடு, தெளிவாகத் தெரியும் நொண்டி, நோய், எலும்பும் தோலுமான மெலிவு எதுவும் கூடாது. காயடித்த கிடா குறையாகாது. குறையை மறைத்து விற்றால், வாங்கியவரின் பணத்தோடு அவருடைய கடமையும் வீணாகும். ஊனமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களை மல்கியா கண்டித்ததும் வேதாகமத்திலேயே இருக்கிறது.

முதலில் குளம்பைப் பாருங்கள்: முள், வெடிப்பு, அழுகல் இருக்கிறதா? வாயில் புண் இருந்தால் கோமாரியாகவும் இருக்கலாம். மற்ற ஆடுகளிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பண்டிகைக்குள் நன்றாக ஊன்றி நடந்தால் குர்பானிக்கே விற்கலாம். ஆறாவிட்டால், ஊசி மருந்து போட்டிருந்தால் இறைச்சிக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, குறையைச் சொல்லி, கறிக்கு விலை பேசுங்கள். விலை குறையும், ஆனால் அடுத்த ஆண்டும் அதே ஆள் உங்களைத் தேடி வருவார்.

பக்ரீத் பிறைக் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். இந்தப் பண்டிகைக்குப் பின் பிறக்கும் குட்டிக்கு அடுத்த பண்டிகைக்குள் ஒரு வயது நிறையாது. குட்டி போட்ட தேதியை இப்போதே நோட்டில் குறித்து வையுங்கள்.