கேக் வெட்டினா பயம் போயிடுமா?

'சைக்கலாஜிக்கல் சேஃப்டி'ன்னு ஒரு வார்த்தை. இப்போ எந்த ஹெச்.ஆர். வாயைத் திறந்தாலும் இதுதான். "மனம் விட்டுப் பேசுங்க" என்பார்கள், ஆலோசனைப் பெட்டி வைப்பார்கள், பிறந்த நாளுக்கு கேக் வெட்டுவார்கள். (கேக் நல்லாத்தான் இருக்கும், அது வேற விஷயம்.)

இதை 1999-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் கேக்கைப் பற்றிப் பேசவே இல்லை மக்களே. தப்பை ஒத்துக்கொண்டாலும், எதிர்க்கேள்வி கேட்டாலும் இங்கே என்னைப் பழிவாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களின் கணக்கில்தான் தவறுகள் அதிகம் இருந்தன! அவர்கள் ஒளிக்கவில்லை என்பதுதான் அவர் கண்ட விளக்கம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். விடியற்காலையில் கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் போய் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கானில் 2021 டிசம்பரில் என்ன நடந்தது? ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு பேர் செத்துட்டாங்கன்னு வதந்தி. அது பொய்தான். ஆனால் நிர்வாகத்தின் வார்த்தையை யாரும் நம்பத் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆலையை மூடினார்கள், ஆப்பிள் கம்பெனியும் 'தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் எங்கள் தரத்தில் இல்லை' என்று ஒத்துக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தார்கள்.

"ரோட்டுக்கு வராம உள்ளேயே சொல்லியிருக்கலாமே?" என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். யார்கிட்ட சார்? பலரை வேலைக்கு எடுத்ததே கான்ட்ராக்டர். வாயைத் திறந்தால் வேலையோடு படுக்கிற இடமும் போகும். தரையில் வரிசையாகப் படுக்கும் பெண்ணுக்கு ஆலோசனைப் பெட்டி எதுக்கு?

அப்படியே உள்ளே ஒழுங்காகப் பேச ஒரு வழி கேட்டால் மட்டும்? சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோர்ட்டு வரை போய், 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவானது.

அடுத்த பிளேஸ்மென்டில் யாராவது இந்த வார்த்தையோடு ஸ்லைடு போட்டால், கடைசியா புகார் கொடுத்தவர் இன்னும் அதே வேலையில் இருக்காரான்னு கேளுங்கப்பா. என்ன பதில் வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க :-)