போதை மீட்பில் நண்பரின் இடம்

போதைப் பழக்கத்துக்கு ஆளானவரின் நிலையைப் பெற்றோருக்கு முன்பே அறிந்துகொள்பவர் பெரும்பாலும் அவருடைய நண்பரே. அறிந்த பின் அதனை நெடுநாள் மறைத்து வைப்பவரும் அவரே. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெருவே அடையாளம் சொல்லும் காரைக்குடி போன்ற செட்டிநாட்டு ஊரில் இந்த மறைப்புக்கு வலுவான காரணங்கள் உண்டு. செய்தி வெளியே தெரிந்தால் தங்கையின் திருமணப் பேச்சும் தந்தையின் தொழில் நாணயமும் கெடும் என்ற அச்சத்தோடு, மருத்துவமனைக்குப் போனால் காவல் நிலையத்துக்கும் போக நேரும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது அச்சத்துக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-அ பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ, சட்டம் ‘சிறிய அளவு’ என வரையறுத்த அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக வழக்குத் தொடரப்படுவதிலிருந்து விலக்குப் பெறுகிறார். சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். மது, போதைப்பொருள் ஆகியவற்றால் விளையும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியது. மாறாக, நண்பருக்காகப் பொட்டலத்தைத் தம் அறையில் ஒளித்துவைப்பவரை எந்தச் சட்டமும் காப்பதில்லை. நட்பின் பெயரால் மிகுதியாகச் செய்யப்படும் உதவி இதுவாக இருப்பது வேதனைக்குரியது.

அடுத்தது பணம். வட்டியோ பத்திரமோ இல்லாமல் நம்பிக்கையின் பேரில் தரப்படும் கைமாற்று, செட்டிநாட்டு நட்பின் இயல்பான பகுதி. போதைக்கு அடிமையானவரின் கையில் அது அடுத்த வேளைப் பொருளாக மாறுவதோடு, பழக்கத்தின் உண்மையான விலையை அவரும் குடும்பமும் உணரும் நாளையும் தள்ளிப்போடுகிறது. பணமாகத் தராமல், மருத்துவரின் கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் நேரடியாக ஏற்றுக்கொள்வதே இங்கு தேவைப்படும் தாராளம்.

பழக்கத்தை நிறுத்துவது மன உறுதியை மட்டும் பொறுத்தது என்ற எண்ணத்தில் நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்து ஒருவரை அறையில் பூட்டிவைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் ஒரு பொருளுக்குப் பழகியபின் அது திடீரென நின்றால் தோன்றும் துன்பம் ‘விலகல் அறிகுறி’ எனப்படுகிறது. ஹெராயினிலும், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளிலும் அது உடல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எனச் சில நாள்கள் கடுமையாக நீடிக்கும். மதுவையும் தூக்க மாத்திரைகளையும் திடீரென நிறுத்தினாலோ வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிரிழப்புவரை கொண்டுபோகக்கூடும். நண்பர்கள் பெரும்பாலும் அறியாத இன்னொரு உண்மையும் உண்டு: சில வாரங்கள் விலகியிருந்தவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடுவதால், அவர் மீண்டும் பழைய அளவையே எடுக்கும்போது மூச்சு நின்றுபோகலாம். மீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே நண்பரின் விழிப்பு மிகுதியும் தேவைப்படும் காலம் என்பதற்கும், நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழைப்பது எவ்வித அவமானத்தையும்விட முதன்மையானது என்பதற்கும் இதுவே காரணம்.

சிகிச்சைக்குப் போகாதவர்களே மிகப் பலர். 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தார்; மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார். இந்த இடைவெளியைக் குறைக்கும் வழியைத் தமிழ்நாடு முன்பே கண்டிருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, பின்னாளில் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவக் குழுவை நகரத்திலிருந்து வரவழைத்து, ஊராரையே துணையாகக் கொண்ட அம்முகாம்களில், எல்லாரும் அறிந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்குக் காரணமான ஊரின் நெருக்கமே சிகிச்சையின் பலமாயிற்று.

நண்பர் வழியாகத் தொடங்கும் மீட்புக்கு உலக அளவிலும் சான்று உண்டு. 1934-இல் எபி தாட்சர் என்பவர், தாம் குடியை நிறுத்திய கதையை நியூயார்க்கில் தம் பழைய நண்பர் பில் வில்சனின் சமையலறை மேசையில் உட்கார்ந்து அறிவுரை கலக்காமல் சொன்னதுதான், அடுத்த ஆண்டு ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற இயக்கம் தோன்றத் தூண்டுதலாயிற்று. உதவிய எபி பின்னர் பலமுறை குடிக்குத் திரும்பினார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. மீண்டும் சறுக்குவது இந்நோயின் இயல்பில் அடங்கியது என்பதால், முதல் சறுக்கலோடு உறவை முறித்துக்கொள்ளும் நண்பர், உதவி மிகவும் வேண்டப்படும் கட்டத்தில் விலகிவிடுகிறார்.

காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 என்ற தேசிய எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நோயாளியின் பெயரைச் சொல்லாமல் நண்பரே முதலில் அழைத்து வழி கேட்கலாம். ஆனால், தொலைவில் இருக்கும் மருத்துவமனை மட்டும் போதாது. தைப்பூசத்துக்குப் பழனிவரை நடந்துபோகும் அடியார்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வழியெங்கும் உணவும் தங்குமிடமும் ஏற்பாடு செய்துவரும் செட்டிநாட்டு மக்களுக்கு, மஞ்சக்குடியைப் போன்ற ஒரு முகாமில் இருபது நோயாளிகளை இரண்டு வாரம் பேணுவது அரிய செயலன்று. வளவு எனப்படும் உள்முற்றமும் இரண்டாம் கட்டுமாக விரிந்து, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே ஊருக்கு ஊர் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் திறந்துவிட ஓர் ஊர்ச் சங்கமும், அங்கே வந்து தங்க மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒருவரும் இசைந்தால், மஞ்சக்குடியில் நடந்தது செட்டிநாட்டிலும் நடக்கும்.