எடை குறையாத வெற்றி

மருத்துவ ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ஷைபி, மைக்கேல் கோரன் முதலியோர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. உடல் பருமனான லத்தீனோ பையன்கள் 22 பேர், எல்லோரும் பதின்பருவத்தினர். ஒரு பகுதியினருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீதம் 16 வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. முடிவில், பயிற்சி செய்தவர்களின் உடல் இன்சுலினுக்கு இணங்கும் திறன் சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களிடம் மாற்றமே இல்லை. உடல் கொழுப்பில் ஏற்பட்ட மாற்றத்தைக் கணக்கில் எடுத்து ஒதுக்கிப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் அப்படியே இருந்தது.

22 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் உடல் இயங்கும் விதத்தோடு இந்த முடிவு பொருந்திப்போகிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும்போது, அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. சாதாரண நேரத்தில் இன்சுலின் வந்து தட்டினால்தான் தசையின் கதவு திறக்கும். வேலை செய்யும் தசையோ இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் தானே கதவைத் திறந்துகொள்கிறது. அந்தப் பலன் ஓரிரு நாள் நீடிக்கும், பிறகு மங்கிவிடும். தொடர்ந்து செய்ய வேண்டியிருப்பது அதனால்தான். எடைக் கருவியில் முள் அசையாதபோதும் உள்ளே இவ்வளவு நடக்கிறது.

பருமனான பையனை ஓட்டப் பந்தயத்தில் விட்டால் கடைசியில்தான் வருவான். எடை தூக்கச் சொன்னால் மெலிந்த தோழனை முந்திவிடுவான், அவன் உடம்பில் தசையும் அதிகம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயிற்சிக் கூடத்தில் அவன் தோற்காமல் நிற்கிறான். இது சிறிய விஷயம் அல்ல.

ஏன் இந்தக் குழந்தைகள்? அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரையிலான கணக்கின்படி லத்தீனோ குழந்தைகளில் 26 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். வெள்ளையர் குழந்தைகளில் இது 17 சதவீதம். 2000-இல் பிறந்த லத்தீனோ பெண் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் நீரிழிவு வரக்கூடும் என்று ஒரு மதிப்பீடு சொன்னது. பூப்பெய்தும் பருவத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இன்சுலினின் வேலை சற்று மந்தப்படும். ஏற்கெனவே திணறும் உடலில் அந்தச் சில ஆண்டுகள் கணையத்தைக் களைக்கவைத்துவிடுகின்றன. சிறுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவு பெரியவர்களுக்கு வருவதைவிடக் கடுமையானது. அப்படிப்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-இல் முடிவை வெளியிட்டது. சராசரி வயது 26 ஆனபோதே 60 சதவீதம் பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலாவது பாதிப்பு வந்திருந்தது. 26 வயதில்!

இவ்வளவும் தெரிந்த பிறகு டாக்டர் சொல்வது, “ஓடியாடி விளையாடச் சொல்லுங்கள்” என்பதுதான். எங்கே?

லாஸ் ஏஞ்சலஸின் பாய்ல் ஹைட்ஸ் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் பகுதி. அதிவேக நெடுஞ்சாலைகள் அதைக் கூறுபோட்டுச் செல்கின்றன. நடக்க இடமில்லாத மக்கள் அங்குள்ள எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, உடைந்த நடைபாதையில் நடக்க ஆரம்பித்தார்கள், ஓட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு, 2003-இல் அந்த மதில் ஓரமாக ரப்பர் பரப்பிய ஓடுபாதை வந்தது. சுமார் 2.4 கிலோமீட்டர். ‘இந்த மக்களுக்கு உடற்பயிற்சியில் ஆர்வமில்லை’ என்று யாராவது சொன்னால் அந்த மதிலைத்தான் காட்டுவேன். கொலம்பியாவின் போகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிறுதோறும் சாலைகளிலிருந்து கார்களை விலக்கி மக்களுக்கு விடுகிறது, இன்று நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதைப் பார்த்துதான் 2010-இல் லாஸ் ஏஞ்சலஸும் அப்படி ஒரு நாளை நடத்தத் தொடங்கியது. ஆனால் இங்கே ஆண்டுக்குச் சில ஞாயிறுகள் மட்டுமே.

பள்ளிக்கூடம் ஈடுகட்டுமா என்றால் அதுவும் இல்லை. கலிபோர்னியா சட்டப்படி தொடக்கப் பள்ளியில் பத்து பள்ளி நாட்களுக்கு 200 நிமிட உடற்கல்வி, அதாவது நாளுக்கு 20 நிமிடம். குழந்தைக்குத் தேவை 60 நிமிடம். ஷைபி பிறகு பணியாற்றிய அரிசோனாவின் ஃபீனிக்ஸிலோ வெயிலே வாசலை மறிக்கிறது. 2023 கோடையில் அங்கே 31 நாட்கள் தொடர்ந்து 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

இப்போது அச்சமும் சேர்ந்துகொண்டது. 2025 ஜூலை 7 அன்று லாஸ் ஏஞ்சலஸின் மக்ஆர்தர் பூங்காவுக்குள் குடியேற்றத் துறை அதிகாரிகள் குதிரைகளோடும் ராணுவ வாகனங்களோடும் இறங்கினார்கள். சற்று முன்புவரை கோடை முகாமுக்கு வந்த குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த இடம் அது. அதற்குப் பிறகு எந்தத் தாய் பிள்ளையைத் தயங்காமல் பூங்காவுக்கு அனுப்புவாள்? எந்த மருந்துச் சீட்டாலும் இந்தக் கேடு தீராது.

நீரிழிவு ஆபத்துள்ள குழந்தைகளுக்கு அரசு செய்ய வேண்டிய முதல் சிகிச்சை, பயமில்லாமல் விளையாட ஓர் இடம் கொடுப்பதே என்பது என் உறுதியான கருத்து. அறிவுரையை அதற்குப் பிறகு சொல்லலாம்.

தெற்காசியரான நமக்கோ குறைந்த எடையிலேயே இன்சுலின் மந்தம் வந்துவிடுகிறது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பின்கழுத்தில் தடித்த கருமை படர்ந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள், அது இந்த மந்தத்தின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். விளையாட அனுப்பத் தொடங்கிய பிறகு எடை இறங்கவில்லையே என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.