பேறுகாலத் துணைக்குக் கூலி யார் கொடுப்பது?

நம் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், இரவு எத்தனை மணியானாலும் நாம் தட்டுவது ஒரே ஒரு வீட்டுக் கதவைத்தான். அந்த அக்கா பகலில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார், அது பிழைப்பு. நம் பெண்களின் பிரசவத்துக்குத் துணை நிற்கிறார். அதற்குப் புண்ணியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு தலைப்பிரசவம் முப்பது மணி நேரம் நீண்டது. குழந்தை நலமாகப் பிறந்தது. அக்காவுக்கோ ஒரு வீட்டு வேலை போயிற்று.

அவர் மருத்துவச்சி அல்ல. மருந்து கொடுப்பதும் பிள்ளை எடுப்பதும் டாக்டர், நர்ஸ் வேலை. அவர் இடுப்பைத் தேய்த்துவிடுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், கையைப் பிடித்துக்கொள்கிறார். பெற்ற தாய் சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருக்க, புனேக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணிடம் நர்ஸ் மராத்தியில் 'ஜோர் லாவ்' என்றால், 'முக்கும்மா' என்று காதருகே சொல்ல ஒருவர் வேண்டாமா? இதே பணியை வசதியுள்ளோர் 'டூலா' என்ற பெயரில் காசு கொடுத்துப் பெறுகிறார்கள்.

இது வெறும் ஆறுதலும் அல்ல. 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளின் தொகுப்பு 2017-ல் வெளிவந்தது. இடைவிடாத துணை இருந்தால் பிரசவ நேரமும் சிசேரியனும் குறைகின்றன என்று அது கூறுகிறது. அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைக்கு இடமளிக்கும்படி மத்திய அரசும் 2016-ல் அறிவுறுத்தியது. துணைக்கு அனுமதி வந்துவிட்டது. துணை நிற்பவரின் கூலியைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

'காசு கொடுத்தால் சேவை வியாபாரமாகிவிடாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். சம்பளம் வாங்கும் நர்ஸின் பரிவை நாம் வியாபாரம் என்கிறோமா? நம் வீட்டுப் பிரசவத்தின் செலவை இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றுவதுதான் தவறு.

1980-ல் இதே புனேயில் வீட்டு வேலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் கண்டார்கள். 2008-ல் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியத்துக்கு மகாராஷ்டிரத்தில் சட்டம் வந்தது. கேட்காமல் எதுவும் வரவில்லை.

ஆகவே நாம் முன்வைப்பது இது. ஒருவரையே நம்பியிராமல், பகுதிக்கு மூன்று பெண்களாவது வாரமுறை வைத்துக்கொள்ள வேண்டும். தம் முறை எந்த வாரம் என்பதை வேலை செய்யும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். இழந்த நாளின் கூலியைச் சங்க நிதி தரவேண்டும். வேலை போனால் சங்கத்தார் நேரில் சென்று பேசவேண்டும்.

பிள்ளை பிறந்ததும் தெருவெல்லாம் பேடா வழங்குகிறோம். இனி அதற்கு முன்பாக, துணை நின்றவரின் கூலியை எண்ணி வைப்போம்.