கொழுப்பைத் தேடும் நஞ்சு

நியூமோனியாக் காய்ச்சலுக்கு வைத்தியர் பெனிசிலின் கொடுக்கிறார், கிருமிகள் மடிகின்றன. ஆயினும், அதன் பின்னரும் சில நோயாளரின் நுரையீரல் மேலும் கேடுறுவதுண்டு. இறந்த கிருமி எவ்வாறு தீங்கு செய்யும் என நேயர்கள் வியக்கலாம்.

நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியாக்களுள் முதன்மையானது நியூமோகொக்கசு. அது தன்னுள்ளே நியூமோலைசின் என்னும் நச்சுப் புரதத்தைக் கொண்டுள்ளது. கிருமி உடைந்து சிதறும்பொழுது அந்நஞ்சு வெளிப்படுகின்றது.

நமது உடற்கலம் ஒவ்வொன்றையும் கொழுப்புப் பொருள்களாலான மெல்லிய சவ்வொன்று போர்த்தியுள்ளது. அச்சவ்விலுள்ள கொலஸ்திரோலையே இந்நஞ்சு பற்றிக்கொள்கிறது. பற்றிய மூலக்கூறுகள் ஏறத்தாழ 40 ஒன்றுகூடி வளையமாகிச் சவ்வைத் துளைக்கின்றன. துளையின் விட்டம் சுமார் 25 நனோமீற்றர். அத்தகைய 40,000 துளைகளை வரிசையாக வைத்தாலும் நீளம் ஒரு மில்லிமீற்றரே. ஆனால் அச்சிறு வழியால் உப்புகளும் நீரும் கட்டுப்பாடின்றிப் பாய்வதால் கலம் அழிகின்றது. பற்றீரியாவின் சவ்விலோ கொலஸ்திரோல் இல்லை. ஆதலால் தன் நஞ்சினால் தான் அழிவதில்லை.

கொலஸ்திரோல் உள்ள இடமெல்லாம் இத்தகைய நஞ்சுகள் பற்றிவிடுமா? அன்று. ஸ்பிங்கோமையலின் முதலிய பிற கொழுப்புகள் அதனைத் தம்மோடு பிணைத்து மறைத்துவைக்கின்றன. மறைவின்றி எஞ்சிய பங்கே நஞ்சுக்கு எட்டுகிறது. நோய்த்தொற்றுக் காலத்திற் சில வெண்குருதிக் கலங்கள் கொலஸ்திரோலினின்றும் வேறொரு பொருளை ஆக்கி, இப்பங்கைக் குறைத்துக் கலங்களைக் காக்கின்றன என 2020 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இது உண்ணும் கொழுப்பைப் பற்றிய பேச்சன்று. கலத்துக்கு வேண்டிய கொலஸ்திரோலை உடலே ஆக்கிக்கொள்ள வல்லது.

இவ்வறிவைக் கொண்டு சுவிற்சலாந்தின் பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர் ஓர் உபாயம் கண்டனர். கொலஸ்திரோல் மிகுந்த நுண்ணிய கொழுப்புக் குமிழிகளை இரத்தத்திற் செலுத்தினால், நஞ்சு கலங்களை விட்டு அவற்றைப் பற்றும் என்பதே அது. 2014 இல் இம்முறை சுண்டெலிகளைக் காத்தது. கடும் நியூமோனியாவுற்ற 19 நோயாளரிடம் நடத்திய முதற் பரிசோதனையின் முடிவு 2019 இல் வெளியாயிற்று; அதிற் பாதுகாப்புக் குறித்த ஐயம் எழவில்லை. நோயைத் தணிக்கும் ஆற்றலை நிறுவ அத்தனை சிறிய பரிசோதனை போதாது.

கிருமியைக் கொல்வது ஒரு பணி. அது விட்டுச்செல்லும் நஞ்சைத் தடுப்பது மற்றொன்று. பின்னையதற்கு வழி, நம் கலத்தின் கொழுப்பை அறிவதிலேயே தொடங்குகிறது.