கைராசியா, கவனிப்பா?

கைராசி என்றொரு சொல் நம்மிடையே வழங்குகிறது. நட்டது தழைத்தால் ராசியுள்ள கை. பட்டுப்போனால் ராசியில்லாத கை! பிழைப்பின் பொருட்டு அமரவிளையில் வந்து குடியேறிய எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களிலும், அண்டை வீட்டு மலையாளிகளிடத்தும் இப்பேச்சை நாளும் கேட்கிறேன். இதனால் மிகுந்த பழி சுமக்கும் செடி பெட்டூனியா.

நாற்றுப்பண்ணையில் பூத்துக் குலுங்கிய செடியை வாங்கி வருகிறோம். திண்ணை நிழலில் வைத்து, இருவேளையும் தலையோடு நீர் வார்க்கிறோம். வேர் அழுகிச் செடி சாய்ந்ததும் கையை நொந்துகொள்கிறோம். செடியின் இயல்பு யாதென்று கேட்டோமா?

பெட்டூனியா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல வெயில் வேண்டும். ஓயாத மழையும் தேங்கிய நீரும் ஆகா. நெய்யாற்றங்கரை வட்டாரத்திலோ ஜூனில் தென்மேற்குப் பருவமழை; அது ஓய்ந்தால் ஐப்பசி மழை. எனவே இங்கே அதற்கேற்ற காலம் டிசம்பர் முதல் மார்ச் வரையே. அக்டோபரில் மழை படாத இடத்தில் விதைக்க வேண்டும். கிராமுக்கு ஏறத்தாழ 10,000 விதைகள் நிற்கும், அத்துணைச் சிறியவை! முளைக்க ஒளி தேவையாதலால் மண்ணிட்டு மூடலாகாது. மேல்மண் உலர்ந்த பின்னரே அடியில் நீர் விடுக. நுனியைக் கிள்ளினால் கிளைக்கும். வாடிய பூவை அடியோடு நீக்கினால், விதைக்குச் செல்லும் ஊட்டம் புதுப் பூவுக்குச் செல்லும்.

"தோவாளைப் பிச்சியும் அரளியும் இருக்க, இந்த அந்நியப் பூ எதற்கு?" என்பார் உளர். அவர்தம் குழம்பில் மணக்கும் மிளகாயும் ரசத்தில் கரையும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே அன்றோ? பெட்டூனியாவின் உறவினரை அடுப்பங்கரைக்குள் விட்டபின், அதனை மட்டும் வாசலில் தடுப்பானேன்?

இப்பூ அறிவியலுக்குச் செய்த உதவியையும் கேளுங்கள். ஊதா நிறத்தை மிகுவிக்க எண்ணி, நிறமிக்குரிய மரபணுவின் கூடுதல் படியொன்றை ஆய்வாளர் பெட்டூனியாவில் புகுத்தினர். பல பூக்களோ வெள்ளையாக மலர்ந்தன! நப்போலி, லெமியூ, ஜோர்கன்சன் மூவரும் ராசியை நோகவில்லை. கண்டதை 1990இல் எழுதி வெளியிட்டனர். ஃபயர், மெல்லோ குழுவினர் 1998இல் ஒரு சிறு புழுவில் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை விளக்கியபோது, அந்த வெள்ளைப் பூவின் புதிரும் விளங்கலாயிற்று. அவ்விருவருக்கும் 2006இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தோழர்களே! கைராசிப் பேச்சு தோட்டத்தோடு நிற்பதில்லை, ஆய்வுக்கூடத்திலும் நுழைந்துவிட்டது. மூன்று முறை பரிசோதனை பொய்த்ததும், "எனக்குக் கை வராது" என்று ஆய்வையே விட்டுவிட எண்ணும் மாணவரை நான் அறிவேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவரே இப்படி எண்ணுவதில் முன்நிற்கின்றனர். திறமை பிறவியிலேயே வருவது என்று அவர்களை நம்பவைத்தது யார்? வெப்பநிலை மாறியதா, கரைசல் பழையதா என்று தேட வேண்டிய இடத்தில், ராசி என்ற சொல் குறுக்கே வந்து தேடலை மூடிவிடுகிறது.

வரும் அக்டோபரில் விடுதிதோறும் சில தொட்டிகளில் விதைப்போம். விதைத்த நாள், நீர் விட்ட நாள், மழை பெய்த நாள், மொட்டு வந்த நாள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். தழைத்தால் பூ கிடைக்கும். பட்டுப்போனால் காரணம் அந்தக் குறிப்பேட்டில் இருக்கும்.