கிளியை விரட்டலாம், பிடிக்கக் கூடாது!

சென்னை மயிலாப்பூர் கோபுரத்தைச் சுற்றிப் பறக்கும் கிளியும், அடையாறு பிரம்மஞான சபை மரங்களில் அடையும் கிளியும், உங்கள் வயலில் மக்காச்சோளக் கதிரைக் கொத்தும் கிளியும் பெரும்பாலும் ஒரே இனம்தான். செந்தார்ப் பைங்கிளி என்பது அதன் பெயர். நகரவாசிக்கு அது அழகு, உங்களுக்கோ நஷ்டம். இருவருக்கும் சட்டம் ஒன்றே.

2022-ல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் இந்தக் கிளி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. பிடித்தாலோ, விற்றாலோ, கூண்டில் வைத்தாலோ 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூர் பகுதிக் கிளி ஜோசியர் ஒருவரை வனத்துறையினர் பிடித்து, எச்சரித்து அனுப்பியது நினைவிருக்கலாம். தி.நகர் வீட்டு பால்கனியில் தொங்கும் கூண்டுக்கும் இதே விதிதான்.

அந்தக் கூண்டுக்குக் கிளி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கிராமத்து மரப்பொந்திலிருந்துதான். கிளி கூடு கட்டுவதில்லை. குக்குறுவானும் மரங்கொத்தியும் விட்டுச்சென்ற பொந்தையோ, பழைய சுவர் ஓட்டையையோ பயன்படுத்திக்கொள்கிறது. தை, மாசி மாதங்களை ஒட்டி நான்கு முட்டை போல இடும். சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு பறக்க மேலும் ஆறேழு வாரம் ஆகும். குஞ்சு திருடுபவர்கள் காத்திருப்பது இந்த நாட்களுக்காகத்தான்.

'குஞ்சை எடுத்தால் கிளி குறையும், பயிர் தப்பும்' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வயலில் இறங்கும் கூட்டம் பல கிலோமீட்டர் சுற்றிலுமிருந்து வருவது. ஒரு பொந்தைக் காலி செய்வதால் அது குறையாது, வழக்குதான் மிஞ்சும்.

மலைப்பகுதியில் பாதிப்பு இன்னும் அதிகம். நீலச் சிறகும் சாம்பல் நிறத் தலையும் கொண்ட மலைக்கிளி, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் இதைக் காணலாம். அத்திப்பழம், விதைகள், கல்யாண முருங்கைப் பூவின் தேன் ஆகியவை இதன் உணவு. இதுவும் உயரமான முதிய மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். காபித் தோட்டம் வைத்திருப்போர் நாட்டு நிழல் மரங்களை வெட்டி சில்வர் ஓக் மட்டும் நட்டால், உணவும் பொந்தும் சேர்ந்தே போய்விடும். தோட்டத்தில் அத்தி, கல்யாண முருங்கை, பொந்துள்ள முதிய மரங்கள் சிலவற்றையாவது விட்டுவையுங்கள்.

சமவெளியில் பயிரைக் காக்க வழிகள் உண்டு. கிளி காலையிலும் மாலையிலும்தான் அதிகம் மேயும். தின்பதைவிடக் கடித்துக் கீழே போடுவதே அதிகம். எனவே கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இந்த இரு வேளைக் காவல் முக்கியம். கிளி முதலில் இறங்கும் ஓர வரிசைகளில், மக்காச்சோளக் கதிரை அதே செடியின் பச்சை இலைகளால் சுற்றி மறைக்கலாம். சூரியகாந்தி, சோளம் வயல்களின் குறுக்கே மினுமினுக்கும் ரிப்பனைக் கழிகளில் முறுக்கிக் கட்டினால், காற்றில் ஆடி விரட்டும். இதைப் பூட்டை வெளிவந்ததும் அல்லது மணி பிடிக்கத் தொடங்கியதும் கட்ட வேண்டும். பல வாரம் முன்பே கட்டினால் கிளி பழகிவிடும். கொய்யாவுக்குப் பழ உறை போடுங்கள். பக்கத்து வயல்காரர்களுடன் பேசி ஒரே சமயத்தில் விதைத்தால், ஒரு வயலே மொத்தத் தாக்குதலையும் தாங்க வேண்டியிருக்காது.

குஞ்சு கேட்டு யாராவது ஊருக்குள் வந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கதிரைக் காப்பது உங்கள் உரிமை; அதற்குக் கூண்டு தேவையில்லை.